விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டது... பழைய லேப்டாப்பை லினக்ஸுக்கு மாற்றப் போகிறீர்களா?

"சார், இதுல விண்டோஸ் 11 ஏறாது. இதுக்கு மேல செலவு பண்றது வேஸ்ட். புதுசா ஒண்ணு வாங்கிடுங்க."

லேப்டாப் சர்வீஸ் கடைகளில் இப்போது அடிக்கடி கேட்கும் வசனம் இது. எதிரில் நிற்பவர் கையில் இருப்பது 2016-லோ 2017-லோ வாங்கிய லேப்டாப். கீ-போர்டு நன்றாக வேலை செய்கிறது. திரை பளிச்சென்று இருக்கிறது. பேட்டரியைப் போன வருடம்தான் மாற்றினார். மகளின் கல்லூரி ப்ராஜெக்ட், கரன்ட் பில், நெட் பேங்கிங், பத்து வருடக் குடும்ப போட்டோக்கள் எல்லாம் அதில்தான். அதில் ஒரே குறை, ஓடுவது விண்டோஸ் 10.

2015 ஜூலையில் வெளிவந்த விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. அன்றோடு லேப்டாப் நின்றுவிடவில்லை. இன்றும் ஆன் ஆகும், வேர்டு திறக்கும், பாட்டு பாடும். ஆனால், புதிதாக ஒரு பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அதை அடைக்கும் அப்டேட் வராது. நெட் பேங்கிங் நடக்கும் ஒரு கணினியை அப்படியே விட்டுவைப்பது, பூட்டு பழுதான கதவை வெறுமனே சாத்திவிட்டு ஊருக்குப் போவது மாதிரி. அவகாசம் கேட்டவர்களுக்காகப் பாதுகாப்பு அப்டேட்டை மட்டும் 2026 அக்டோபர் வரை நீட்டிக்கும் ஒரு திட்டத்தை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அதுவும் தள்ளிப்போடுவதுதான், தீர்வு அல்ல.

சரி, விண்டோஸ் 11-க்கே போய்விடலாம் என்றால், அது டி.பி.எம் 2.0 என்ற பாதுகாப்பு சிப்பைக் கேட்கிறது. இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸரைக் கேட்கிறது. 2017-க்கு முன்பு வாங்கிய லேப்டாப்கள் அநேகமாக இந்த இடத்திலேயே அடிபட்டுப் போகின்றன. வேகத்தில் குறையில்லாத மெஷினும் பட்டியலில் பெயர் இல்லாததால் வெளியே நிற்கிறது.

இந்த இடத்தில்தான் வீட்டில் யாராவது ஒருவர், பெரும்பாலும் கல்லூரியில் படிக்கும் பையனோ பெண்ணோ, "லினக்ஸ் போட்டுடலாம்பா" என்கிறார்கள். அப்பாவுக்கு உடனே பயம் வருகிறது. கறுப்புத் திரை, பச்சை எழுத்து, சினிமாவில் ஹேக்கர்கள் தட்டுவார்களே, அதுதானே?

அது இல்லை. அதே சமயம், இணையத்தில் சிலர் சொல்வது போல 'பத்தே நிமிஷம், எல்லாம் தானா நடக்கும்' என்பதும் இல்லை. லினக்ஸை இன்ஸ்டால் செய்வது உண்மையில் அரை மணி நேர வேலைதான். அதற்கு முந்தைய ஒரு வாரமும் பிந்தைய ஒரு மாதமும் எப்படிப் போகின்றன என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. லினக்ஸுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தவர்கள் பலர் சறுக்கியது அந்த இரண்டு இடங்களில்தான்.

வீட்டுக்குள் ஏற்கெனவே வந்த விருந்தாளி

1991-ம் வருடம் ஆகஸ்ட் மாதம், பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 21 வயது லினஸ் டோர்வால்ட்ஸ், பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதிக்கொண்டிருப்பதாக அறிவித்தார். அந்தப் பொழுதுபோக்குதான் இன்றைய லினக்ஸ். நீங்கள் கையில் வைத்திருப்பது ஆண்ட்ராய்டு போன் என்றால், அதன் அடித்தளத்தில் ஓடுவதும் லினக்ஸ் கெர்னல்தான். உலகின் மிக வேகமான 500 சூப்பர் கம்ப்யூட்டர்களின் பட்டியலில் 2017 நவம்பரிலிருந்து ஐந்நூறும் லினக்ஸ்தான். வீட்டு மேசைக்கு மட்டும்தான் அது இன்னும் புதுசு.

தமிழ்நாட்டுக்கு அதுவும் முழுக்கப் புதுசில்லை. 2000-களின் பிற்பாதியில், ஐ.ஏ.எஸ். அதிகாரி சி.உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, அரசு நிறுவனமான எல்காட் தன் அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றியது. 2011-ல் மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் திட்டம் தொடங்கியபோது, விண்டோஸோடு 'பாஸ்' லினக்ஸும் அதில் போட்டுக் கொடுக்கப்பட்டது. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய இந்திய லினக்ஸ் அது. லேப்டாப் வாங்கிய பிள்ளைகளில் எத்தனை பேர் ஆன் செய்ததும் வரும் இரண்டு பெயர்களில் 'பாஸ்' என்பதைத் தொட்டுப் பார்த்திருப்பார்கள்? லினக்ஸ் கையில் இருந்தது. அதைச் சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் இல்லை. பக்கத்தில் கேரளாவில் இதைத் தலைகீழாகச் செய்தார்கள். அங்கே 'கைட்' என்ற அரசு நிறுவனம், உபுண்டுவை அடிப்படையாக வைத்து ஒரு லினக்ஸைத் தயாரித்துப் பள்ளிகளுக்குக் கொடுக்கிறது. ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கொடுக்கிறது. பாடமே அதில்தான் நடக்கிறது.

லினக்ஸ் என்று தனியாக ஒரு பொருள் கடையில் கிடைக்காது. அதன் மேல் கட்டப்பட்ட உபுண்டு, ஃபெடோரா, டெபியன், மின்ட் என்று நூற்றுக்கணக்கான வகைகள் உண்டு. எது சிறந்தது என்ற சண்டையில் இறங்கினால் வாரக்கணக்கில் லேப்டாப்பைத் தொடவே மாட்டோம். விண்டோஸில் பழகிய குடும்பத்துக்கு 'லினக்ஸ் மின்ட்' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். கீழே ஒரு பட்டை, இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரமும் வைஃபையும். விண்டோஸ் பழகிய கைக்கு இதுவும் பழகியதாகவே இருக்கும். குறைந்தது 2 ஜி.பி. ரேம் கேட்கும், 4 ஜி.பி. இருந்தால் நிம்மதி. அதன் 'சினமன்' பதிப்பு பார்க்க அழகு. ரொம்பப் பழைய மெஷின் என்றால் 'எக்ஸ்.எஃப்.சி.இ' பதிப்பு இலகுவாக ஓடும். இரண்டும் இலவசம்.

முதலில் ஒரு பேப்பரை எடுங்கள்

பென்டிரைவைத் தேடுவதற்கு முன்னால் பேப்பரும் பேனாவும் வேண்டும். இந்த லேப்டாப்பில் வீட்டில் யார் யார் என்னென்ன செய்கிறார்கள் என்று ஒரு வாரம் கவனித்து எழுத வேண்டும்.

பிரவுசரில் நடக்கும் வேலைகள் எல்லாம், அதாவது மெயில், யூடியூப், வாட்ஸ்அப் வெப், நெட் பேங்கிங், ரயில் டிக்கெட், கரன்ட் பில் போன்றவை அப்படியே லினக்ஸிலும் நடக்கும். கூகுள் குரோமும் ஃபயர்பாக்ஸும் அங்கும் உண்டு. ஜூம் உண்டு. படம் பார்க்க வி.எல்.சி. உண்டு. ஓ.டி.டி. தளங்களும் ஓடும், ஆனால் சில தளங்கள் லினக்ஸுக்கு முழு ஹெச்.டி. தரத்தைக் கொடுப்பதில்லை.

வேர்டு, எக்ஸெல் இடத்துக்கு லிப்ரே ஆஃபிஸ் வருகிறது. கடிதம், கணக்கு, பள்ளி அசைன்மென்ட் போன்றவற்றுக்குத் தாராளம். ஆனால், வேர்டில் அழகாகப் பண்ணிய பயோடேட்டாவை இதில் திறந்தால் வரிகள் கொஞ்சம் தள்ளி உட்காரலாம். காரணம் பெரும்பாலும் ஃபான்ட்தான். விண்டோஸின் 'கலிப்ரி' ஃபான்ட் இங்கே இருக்காது. அதே அளவில் செய்யப்பட்ட 'கார்லிட்டோ' அந்த இடத்தை நிரப்பும். வெளியே அனுப்புவதை பி.டி.எஃப். ஆக்கி அனுப்பினால் இந்தப் பிரச்னை பாதி தீரும். இது சின்ன விஷயம் போலத் தோன்றும். ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி சுமார் 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றி 2013-ல் அந்த வேலையை முடித்தது. பிறகு 2017-ல் விண்டோஸுக்கே திரும்புவது என்று நகர மன்றத்தில் தீர்மானம் போட்டார்கள். அரசியலும் கலந்த கதை அது. ஆனாலும் ஊழியர்கள் தரப்பில் அடிக்கடி எழுந்த புகார்களில் ஒன்று, வெளியிலிருந்து வரும் கோப்புகள் சரியாகத் திறக்கவில்லை என்பதுதான்.

இனி, வராதவை. டேலி லினக்ஸுக்கு நேரடியாகக் கிடையாது. போட்டோஷாப், கோரல்டிரா, பேஜ்மேக்கர் கிடையாது. கிம்ப், இங்க்ஸ்கேப் என்று மாற்று உண்டு. பிறந்தநாள் பேனர் செய்ய அவை போதும். பத்து வருடமாகக் கோரல்டிராவில் கல்யாணப் பத்திரிகை அடித்துப் பிழைப்பவரிடம் போய் 'இங்க்ஸ்கேப் கத்துக்கங்க அண்ணே' என்று சொல்வது அநியாயம். ஆதார் கைரேகைக் கருவி வைத்திருக்கும் சேவை மையங்களும் பொறுத்திருப்பது நல்லது, அந்தக் கருவிகள் பெரும்பாலும் விண்டோஸையும் ஆண்ட்ராய்டையும் நம்பியே இருக்கின்றன. ஜி.எஸ்.டி.க்கும் டெண்டருக்கும் பயன்படும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வைத்திருப்பவர்கள், அதற்கு லினக்ஸ் டிரைவர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே அடுத்த அடி வைக்க வேண்டும். வீட்டில் 'வேலரன்ட்' விளையாடும் பிள்ளை இருந்தால், அது லினக்ஸில் ஓடாது என்று முன்பே சொல்லிவிடுவது வீட்டு அமைதிக்கு நல்லது. கல்லூரிகள் ஆன்லைன் தேர்வுக்குக் கேட்கும் கண்காணிப்பு சாஃப்ட்வேர்களிலும் சில ஓடாது.

பேப்பரில் எழுதியதில் இப்படி ஒன்றுதான் சிக்குகிறது என்றால், விண்டோஸை அழிக்காமல் பக்கத்திலேயே லினக்ஸையும் வைத்துக்கொள்ளலாம். நாலு ஐந்து சிக்கினால், இந்த லேப்டாப்பில் வேண்டாம்.

'டி டிரைவ்'ல இருக்கு, பயமில்லை!

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க முடியும் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

நம் ஊரில் லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. விண்டோஸ் சி டிரைவில் இருக்கும். முக்கியமான போட்டோ, வீடியோ, சர்ட்டிஃபிகேட் எல்லாவற்றையும் டி டிரைவில் போட்டு வைப்பார்கள். 'ஃபார்மேட் பண்ணாலும் டி-ல இருக்கிறது போகாது' என்று கடைக்காரர் சொன்ன ஞாபகம். விண்டோஸை மறுபடி போடும்போது அது சரியாகத்தான் இருந்தது. அவர் சி-யை மட்டும் அழித்துப் போட்டார்.

ஆனால், பெரும்பாலான லேப்டாப்பில் சி-யும் டி-யும் தனித்தனி ஹார்ட் டிஸ்க் அல்ல. ஒரே டிஸ்க்கின் நடுவே போட்ட தடுப்புச் சுவர்தான். லினக்ஸ் இன்ஸ்டாலரில் 'டிஸ்க்கை அழித்து இன்ஸ்டால் செய்' என்று ஒரு வாய்ப்பு வரும். அதைத் தேர்ந்தெடுத்தால் அது சுவரைப் பார்க்காது. வீட்டையே இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டும். சி-யும் போகும், டி-யும் போகும். கூடவே, லினக்ஸில் சி, டி என்ற பெயர்களே கிடையாது. 'எஸ்.டி.ஏ 1', 'எஸ்.டி.ஏ 2' என்கிற மாதிரிதான் காட்டும். எது நம் போட்டோ இருக்கும் இடம் என்று அந்த நேரத்தில் நின்று யோசிப்பது, ஆபரேஷன் தியேட்டரில் ரத்த வகையைத் தேடுவது மாதிரி.

எனவே, பேக்கப் என்பது லேப்டாப்புக்கு வெளியே இருக்க வேண்டும். ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் போதும். அப்பா அம்மாவின் பழைய கல்யாண வீடியோ, குழந்தையின் முதல் பிறந்தநாள் போன்ற திரும்பக் கிடைக்காதவற்றுக்கு, கூடுதலாக இன்னொரு பிரதி இன்னோர் இடத்திலும் இருக்கட்டும். காப்பி முடிந்ததும் அந்த டிஸ்க்கைக் கழற்றி, வேறு ஒரு கணினியில் செருகி, நாலைந்து போட்டோவையாவது திறந்து பார்க்க வேண்டும். 'காப்பி ஆயிடுச்சு' என்று திரை சொன்னதை மட்டும் நம்ப வேண்டாம்.

பேக்கப் எடுக்கும்போது மறந்துபோகும் இடங்கள் சில. டெஸ்க்டாப்பில் கிடக்கும் கோப்புகள். 'டவுன்லோட்ஸ்' ஃபோல்டர், அதில்தான் மார்க் ஷீட்டும் இன்ஷூரன்ஸ் பாலிசியும் கிடக்கும். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளும் புக்மார்க்குகளும். டேலி போன்ற சாஃப்ட்வேரின் டேட்டா ஃபோல்டர். லைசென்ஸ் சாவி எழுதிய மெயில்.

இன்னும் ஒரு பூட்டு இருக்கிறது. சில லேப்டாப்களில் 'பிட்லாக்கர்' அல்லது 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்ற வசதி, உரிமையாளருக்கே தெரியாமல் ஆன் ஆகியிருக்கும். அது டிஸ்க்கைப் பூட்டி வைத்திருக்கும். பயாஸ் அமைப்பில் கை வைத்ததும், விண்டோஸ் திடீரென்று 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்கும். பெரும்பாலும் அது அந்த லேப்டாப்பில் பயன்படுத்திய மைக்ரோசாஃப்ட் கணக்கில் பதிவாகியிருக்கும். அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஆகவே, விண்டோஸ் செட்டிங்ஸில் போய் அது ஆனில் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்து, கீயை எழுதிவைத்துவிட்டோ முழுதாக அணைத்துவிட்டோதான் மேலே போக வேண்டும்.

பென்டிரைவில் ஒரு வெள்ளோட்டம்

லினக்ஸின் ஒரு நல்ல குணம், வீட்டுக்குள் குடிவருவதற்கு முன்னால் திண்ணையில் உட்காரச் சம்மதிக்கும். மின்ட்டின் அதிகாரபூர்வ இணையதளத்திலிருந்து சுமார் 3 ஜி.பி. அளவுள்ள ஐ.எஸ்.ஓ. கோப்பை டவுன்லோடு செய்ய வேண்டும். 8 ஜி.பி. பென்டிரைவ் ஒன்றில் 'ரூஃபஸ்' அல்லது 'எட்ச்சர்' என்ற இலவச சாஃப்ட்வேர் மூலம் அதை எழுத வேண்டும். வெறுமனே காப்பி-பேஸ்ட் செய்தால் வேலைக்காகாது. பென்டிரைவில் ஏற்கெனவே இருந்தவை அழிந்துவிடும் என்பதையும் மறக்கக் கூடாது.

அந்தப் பென்டிரைவைச் செருகி லேப்டாப்பை ஆன் செய்த கையோடு பூட் மெனு சாவியைத் தட்ட வேண்டும். டெல், லெனோவோவில் அது பொதுவாக எஃப்12. ஹெச்.பி.யில் எஸ்கேப், பிறகு எஃப்9. ஏசஸ் லேப்டாப்பில் எஸ்கேப். ஏசரில் எஃப்12, ஆனால் அதை முதலில் பயாஸில் போய் அனுமதிக்க வேண்டியிருக்கலாம். பெயர் பட்டியலில் பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தால், ஒன்றிரண்டு நிமிடங்களில் முழு லினக்ஸ் திரை வந்துவிடும். இது பென்டிரைவிலிருந்தும் ரேமிலிருந்தும் மட்டுமே ஓடுகிறது. டெஸ்க்டாப்பில் தெரியும் 'இன்ஸ்டால்' ஐகானைத் தொட்டு வேலையைத் தொடங்காத வரை, உங்கள் விண்டோஸ் இருந்த இடத்தில் இருந்தபடியே இருக்கும்.

இந்த வெள்ளோட்டத்தை ஒரு மாலை முழுக்கச் செய்து பார்க்கலாம். வைஃபை வருகிறதா? ஸ்பீக்கரில் சத்தம், கேமராவில் முகம் தெரிகிறதா? டச்பேடில் இரண்டு விரலால் நகர்த்த முடிகிறதா? மூடியைச் சாத்தினால் தூங்குகிறதா, திறந்தால் எழுந்திருக்கிறதா? வீட்டு பிரின்டரைச் செருகி ஒரு பக்கம் அடித்துப் பார்ப்பது கட்டாயம். சமீபத்திய வருடங்களில் வந்த வைஃபை பிரின்டர்கள் பெரும்பாலும் டிரைவரே கேட்காமல் அடிக்கின்றன. மல்லுக்கட்டுவது பத்துப் பதினைந்து வருடப் பழைய சில லேசர் பிரின்டர்கள்தான். அவற்றுக்கென்று தனி டிரைவர் வேண்டும், அதுவும் கிடைத்தால் உண்டு. பென்டிரைவிலிருந்து ஓடுவதால் எல்லாம் கொஞ்சம் மந்தமாக இருக்கும், அதை வைத்து வேகத்தை எடைபோட வேண்டாம்.

வைஃபை வரவில்லையா? சில வைஃபை சிப்களுக்கு டிரைவரைத் தனியாக இறக்க வேண்டும். டிரைவரை இறக்க இன்டர்நெட் வேண்டும், இன்டர்நெட்டுக்கு டிரைவர் வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதை. அதற்குக் கைவசம் ஒரு வழி இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனைக் கேபிளில் லேப்டாப்போடு இணைத்து, போன் செட்டிங்ஸில் 'யு.எஸ்.பி. டெதரிங்' ஆன் செய்தால், லினக்ஸ் அதை உடனே இன்டர்நெட்டாக எடுத்துக்கொள்ளும். பிறகு 'டிரைவர் மேனேஜர்' போய் வைஃபைக்கு வேண்டியதை இறக்கலாம்.

அந்த அரை மணி நேரம்

வெள்ளோட்டம் திருப்தி என்றால், சார்ஜர் செருகிய நிலையில், கரன்ட் போகாத நேரமாகப் பார்த்து இன்ஸ்டால் ஐகானைத் தொடலாம். மொழி, கீ-போர்டு, மல்டிமீடியா கோடெக், ஊர் என்று கேட்டுக்கொண்டே போகும். கோடெக் கேட்கும் இடத்தில் டிக் செய்துவிட வேண்டும், இல்லையென்றால் சில வீடியோக்கள் ஓடாது. ஊர் கேட்கும்போது வரைபடத்தில் இந்தியாவைத் தொட்டால் 'கொல்கத்தா' என்று வரும். சென்னை எங்கே என்று தேட வேண்டாம், இந்திய நேரத்துக்கு அங்கே அந்தப் பெயர்தான்.

முடிவெடுக்க வேண்டிய இடம் ஒன்றுதான். 'விண்டோஸுக்குப் பக்கத்தில் இன்ஸ்டால் செய்' என்பதா, 'டிஸ்க்கை அழி' என்பதா? முதல் தடவை செய்பவர்கள் பக்கத்தில் வைப்பதே புத்திசாலித்தனம். டிஸ்க்கில் ஒரு 100 ஜி.பி.யாவது லினக்ஸுக்குக் கொடுத்தால் தாராளமாகப் புழங்கலாம். அதன் பிறகு, ஆன் செய்யும்போதெல்லாம் எது வேண்டும் என்று ஒரு பட்டியல் கேட்கும். பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. வாங்கி மாட்டலாம் என்ற எண்ணம் இருந்தால் இதுதான் சரியான நேரம். பழைய லேப்டாப்பின் வேகத்தில் லினக்ஸ் தரும் மாற்றத்தைவிட எஸ்.எஸ்.டி. தரும் மாற்றம் பெரிது. அப்போது கழற்றிய பழைய டிஸ்க்கே முழு விண்டோஸோடு ஒரு பேக்கப்பாகவும் ஆகிவிடும்.

கேட்கும் பாஸ்வேர்டை மட்டும் ஒரு பேப்பரில் எழுதி பீரோவில் வையுங்கள். சாஃப்ட்வேர் போட, அப்டேட் செய்ய என்று லினக்ஸ் அதை அடிக்கடி கேட்கும்.

'அ' எங்கே இருக்கு?

எல்லாம் முடிந்து அம்மா வந்து உட்கார்ந்து சமையல் குறிப்பு டைப் செய்யப் பார்க்கும்போதுதான் அடுத்த கேள்வி வரும். விண்டோஸில் தமிழுக்கு இகலப்பையோ, அழகியோ, என்.ஹெச்.எம். ரைட்டரோ வைத்திருந்திருப்பார்கள். அவை விண்டோஸுக்காக எழுதப்பட்டவை.

லினக்ஸில் இதற்குப் பெயர் 'ஐபஸ்'. சாஃப்ட்வேர் மேனேஜரில் 'ஐபஸ் எம்17என்' என்ற பொதியைத் தேடி இறக்கி, ஒருமுறை லாக்-அவுட் செய்து திரும்ப வந்தால், ஐபஸ் செட்டிங்ஸில் தமிழ் என்ற தலைப்பின் கீழ் நான்கைந்து விசைப்பலகைகள் வரிசையாக நிற்கும். 1999-ல் தமிழக அரசு தரப்படுத்திய தமிழ்99 உண்டு. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் படித்தவர்களுக்கு அந்தப் பழைய தட்டச்சு முறை உண்டு. 'அம்மா' என்பதை ஆங்கில எழுத்தில் அடித்துப் பழகியவர்களுக்கு ஒலிப்பு முறையும் உண்டு. வேண்டியதைச் சேர்த்துவிட்டால், ஒரு விசைச் சேர்க்கையில் ஆங்கிலமும் தமிழும் மாறிக்கொள்ளும். மெனு செட்டிங்ஸ் நேரடியாகவே காட்டும் தமிழ்99-ஐவிட இந்த வழியில் வருவது நல்லது. இரட்டித்து அடித்தால் தானாகப் புள்ளி வைப்பது போன்ற தமிழ்99-இன் வசதிகள் இதில்தான் ஒழுங்காக இருக்கின்றன.

உண்மையான தலைவலி பழைய கோப்புகள். பாமினி, வானவில் போன்ற ஃபான்ட்களில் அடித்த சங்கக் கடிதம், ஜாதகம், தாத்தா எழுதிய ஊர்க்கதை ஆகியவற்றைத் திறந்தால், ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கலந்த ஒரு குப்பை தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். அந்த ஃபான்ட்கள் யூனிகோடு வருவதற்கு முந்தைய முறை. ஆங்கில எழுத்துக்கு மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தியவை. போர்வை இல்லாததால் உள்ளே இருப்பது தெரிகிறது, அவ்வளவுதான். விண்டோஸில் 'ஃபான்ட்ஸ்' ஃபோல்டரில் இருக்கும் அந்த ஃபான்ட் கோப்பைப் பேக்கப்போடு எடுத்து வந்து, லினக்ஸில் டபுள் கிளிக் செய்து இன்ஸ்டால் கொடுத்தால், தமிழ் திரும்ப வந்துவிடும். கையோடு அவற்றை யூனிகோடுக்கு மாற்றி வைத்துவிட்டால் இன்னும் நல்லது. இணையத்தில் இலவச மாற்றிகள் இருக்கின்றன. தாத்தாவின் ஊர்க்கதை அப்போதுதான் பேரனின் போனிலும் திறக்கும்.

முதல் மாதத்துச் சின்னச் சின்ன சண்டைகள்

முதல் நாள் செய்ய வேண்டியவை மூன்று. 'அப்டேட் மேனேஜர்' திறந்து எல்லா அப்டேட்டையும் இறக்குவது, ஃபயர்வாலை ஆன் செய்வது, 'டைம்ஷிஃப்ட்' அமைப்பது. இந்த டைம்ஷிஃப்ட் ஒரு வரம். இயங்குதளம் இன்று இருக்கும் நிலையைப் படம் பிடித்து வைக்கும். நாளை ஏதாவது நோண்டிக் கெடுத்தால் நேற்றைய நிலைக்குத் திரும்பலாம். ஆனால், உங்கள் போட்டோக்களை அது வழக்கமாகச் சேர்த்து எடுப்பதில்லை. அதற்கு அந்த எக்ஸ்டர்னல் டிஸ்க்தான்.

விண்டோஸையும் பக்கத்தில் வைத்திருப்பவர்கள் சிலர் ஒரு விசித்திரத்தைப் பார்ப்பார்கள். லினக்ஸில் வேலை பார்த்துவிட்டு விண்டோஸுக்குப் போனால், கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும். லேப்டாப்புக்குள் இருக்கும் கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதும். விண்டோஸ் அதை இந்திய நேரம் என்று நினைத்துப் படிக்கும். வித்தியாசம் ஐந்தரை மணி. லினக்ஸில் ஒற்றை வரிக் கட்டளையில் இதைச் சரிசெய்துவிடலாம். அதேபோல, விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்பதை அணைத்துவிட வேண்டும். அது ஆனில் இருந்தால் விண்டோஸ் முழுதாக உறங்காமல் அரைக்கண் திறந்தே கிடக்கும், அதன் டிரைவில் லினக்ஸால் எதையும் எழுத முடியாது.

கறுப்புத் திரை பயம் என்ன ஆயிற்று? டெர்மினல் என்ற அந்தத் திரை இருக்கிறது. வீட்டு வேலைகளுக்கு அதைத் தொடாமலே மாதக்கணக்கில் ஓட்டலாம். ஆனால், ஏதாவது சிக்கல் வந்து இணையத்தில் விடை தேடினால், 'இந்த வரியை டெர்மினலில் போடு' என்றுதான் வரும். என்ன செய்யும் என்று புரியாத வரியை, அதிலும் 'சூடோ' என்று தொடங்குவதை, அப்படியே ஒட்டி என்டர் தட்டக் கூடாது. 'சூடோ' என்றால் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு வேலை சொல்வது.

வயதான அப்பாவுக்காகச் செய்து கொடுக்கிறீர்கள் என்றால், அட்மின் உரிமை இல்லாத தனிக் கணக்கு ஒன்று அவருக்கு, எழுத்து அளவு பெரிதாக. டெஸ்க்டாப்பில் பிரவுசர், போட்டோ, தமிழ்ப் பேப்பர், வீடியோ கால் என்று நாலே ஐகான். மெயிலில் வரும் விண்டோஸ் வைரஸ் கோப்புகள் இதில் சும்மா கிளிக் செய்தால் ஓடாது என்பது நிம்மதிதான். ஆனால், 'பேங்க்ல இருந்து பேசறோம், ஓ.டி.பி. சொல்லுங்க' என்று வரும் போனை எந்த இயங்குதளமும் தடுக்காது. அதைத் தனியாகத்தான் சொல்லிவைக்க வேண்டும்.

மூன்று மாதம் இப்படி ஓட்டிய பிறகு ஒரு கணக்குப் பாருங்கள். இந்த மூன்று மாதத்தில் விண்டோஸுக்குள் எத்தனை தடவை போனோம், எதற்காகப் போனோம்? ஒரு தடவைகூட இல்லை என்றால், அந்த இடத்தை லினக்ஸுக்கே கொடுத்துவிடலாம். டேலிக்காக வாரம் ஒருமுறை என்றால், இருந்துவிட்டுப் போகட்டும், இன்டர்நெட்டைத் துண்டித்துவிட்டு அதில் கணக்கு மட்டும் எழுதலாம். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் வரும். அதுவரை கடைக்காரர் புதுசைப் பற்றிப் பேச வேண்டியதில்லை.

இன்ஸ்டால் செய்த பென்டிரைவை மட்டும் அழித்துவிடாதீர்கள். பக்கத்து வீட்டிலோ சித்தப்பா வீட்டிலோ ஒருநாள் விண்டோஸ் கிளம்பாமல் நின்று, "போட்டோ எல்லாம் போச்சே" என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். டிஸ்க் கெடாமல், பிட்லாக்கர் பூட்டும் இல்லாமல் இருந்தால், இதே பென்டிரைவைச் செருகி, வெள்ளோட்டத் திரையில் ஃபோல்டரைத் திறந்து, அத்தனையையும் வெளி டிஸ்க்குக்குக் காப்பி செய்து கொடுத்துவிடலாம்.